சபாபதி, ஆண், வயது ஆறு

3.8.2009, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் ஏறிவிட்டது. மச்சான் ஏழு மணிக்கு வண்டி என்றார். வந்தது எட்டே கால். பண்ருட்டியில் முந்திரி மூட்டை இறக்கிவிட்டு வந்தாராம். வண்டி முழுக்கக் கொட்டை வாசனை. அப்பு ஏறியதும் மூன்று தும்மல்.

எடுத்துப்போனவை: பழைய ஊசி அட்டை, மகள் தேன்மொழி அனுப்பிய, நாயை உள்ளே விடுவதற்கான ஐரோப்பிய விதிகள் (9 பக்கம், முக்கிய வரிகளில் அடிக்கோடு), தண்ணீர், கிண்ணம், துண்டு 2, பேனா 2, பென்சில் 1.

வரிசை மனதில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக மறுபடி எழுதுகிறேன்.

1. தோலுக்கடியில் அடையாளச் சிப்.
2. அதற்குப் பிறகே வெறிநோய் ஊசி. முன்னால் போட்டால் செல்லாது.
3. முப்பது நாள் கழித்து ரத்தம். ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.
4. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு.
5. அரசு கால்நடை டாக்டரின் சான்றிதழ்.
6. பயணம். கொண்டுபோவது: நான்.

கடைசி வரியை எழுதும்போது கை சற்று நின்றது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனால் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஜெர்மனியில் புது வேலை, லீவு கிடையாது. கடலூரில் ஆறு வருடம் அவர்கள் வளர்த்த நாய் அப்பு. பேத்தி நிலாவுக்கு இவனைவிட ஒரு வயதுதான் அதிகம். நான் சரி என்று சொன்னதாகத் தேன்மொழி சொல்கிறாள். சொல்லியிருப்பேன்.

ஏழாம் பக்கத்தில் அடிக்கோடு போடாத ஒரு வரி இருக்கிறது. காகிதம் சரியில்லாமல் வந்து இறங்கும் விலங்கைத் திருப்பி அனுப்பலாம், அடைத்து வைக்கலாம், இரண்டுக்கும் வழியில்லை என்றால் உயிரை முடித்துவிடலாம். சொல் மென்மையாகத்தான் இருக்கிறது. அர்த்தம் அதுதான். தேன்மொழி அந்தப் பக்கம் வரை படித்தாளா தெரியவில்லை. நான் கேட்கப்போவதில்லை. காகிதம் சரியாக இருக்கும், அவ்வளவுதான். காகிதம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டாக்டர் அருள்மேரியின் கிளினிக். டோக்கன் 11. கம்பவுண்டர் நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"பேரு?"

"அப்பு."

"இன்ஷியல்?"

"எஸ்."

எழுதிக்கொண்டார். மச்சான் பின்னாலிருந்து இருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்துநான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ்ப் பிரிவில் இருந்தவனிடம் இன்ஷியல் கேட்டால் வாய் தானே சொல்லிவிடும். தகப்பன் பெயரின் முதலெழுத்து. இவனுக்கு இப்போது வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை நான்தான்.

உள்ளே போனதும் கம்பவுண்டர் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டார். சிப் முதலில், சிப் முதலில் என்று வண்டியிலேயே ஐம்பது முறை சொல்லிப் பார்த்திருந்தேன். வாய் திறக்கவில்லை. மூன்றாம் பக்கத்தை எடுத்து டாக்டர் முன்னால் மேசையில் வைத்தேன், அடிக்கோடு தெரியும்படி. படித்தார்.

"நல்ல வேள சார். ரெண்டும் ஒண்ணாத்தான போடறோம், எது மொதல்லன்னு நான் யோசிக்கல."

சிப் 10.40. ஊசி 10.55. நேரத்தையும் எழுதச் சொன்னேன். இது வாயால் சொன்னது.

அட்டையைப் படித்த டாக்டர் சிரித்தார். "எஸ். அப்புவா? சரி, எழுதுனது எழுதியாச்சு. இனிமே எல்லாக் காகிதத்துலயும் இதே பேரு இருக்கட்டும் சார். நடுவுல மாத்துனா வம்பு."

இனம் என்ற இடத்தில் 'என்.டி.' என்று போட்டிருந்தது. நான்-டிஸ்கிரிப்ட். விவரிக்க ஒன்றுமில்லாதது. நிறம் செவலை, இடது முன்னங்கால் மட்டும் வெள்ளை, வலது காது பாதி மடிந்தது, நெற்றியில் ஆணி அடித்தது போல ஒரு புள்ளி. விவரிக்க இவ்வளவு இருக்கிறது. சொல்லவில்லை.

சிப் எண் பதினைந்து இலக்கம். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் மனப்பாடம்.

9.8.2009, ஞாயிறு

இறுக்கம். காற்றே இல்லை. அப்பு ஊசி போட்ட இடத்தில் வீக்கம் இல்லை. சாப்பாடு சரி. மலம் சரி.

நிலா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். அப்பு டெலிபோன் மேசைக்கு அடியில் போய்த் தேடினான்.

"தாத்தா, இங்க நாயெல்லாம் டிராம்ல போவுது. கொலைக்கவே கொலைக்காது."

"அப்படியா."

"அப்புக்கு ஜெர்மன் சொல்லிக் குடுங்க. ஒக்காருன்னு சொன்னா இங்க யாருக்கும் தெரியாது. ஸிட்ஸ்னு சொல்லணும்."

குறித்துக்கொண்டது: ஸிட்ஸ், உட்கார். கொம், வா. நைன், வேண்டாம்.

ஜன்னலைச் சாத்திவிட்டு ஸிட்ஸ் என்றேன். என் முகத்தையே பார்த்தான். உச்சரிப்பு தவறோ என்னவோ. அழுத்திச் சொன்னேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். ஒக்காருடா என்றேன். உட்கார்ந்தான்.

தினம் பத்து நிமிடம். டிசம்பருக்குள் வந்துவிடும்.

19.8.2009, புதன்

அப்புவின் விமானப் பெட்டிக்கு அளவு, சென்டிமீட்டரில். மனைவி பார்வதியின் தையல் மெஷின் டிராயரில் டேப் இருந்தது. அவள் போய் ஐந்து வருடம், டேப் சுருள் கலையவில்லை.

நீளம்: மூக்கிலிருந்து வால் அடிவரை 78, முன்னங்கால் உயரத்தில் பாதி 15, ஆக 93. அகலம்: தோள் 21, அதன் இரண்டு மடங்கு 42. உயரம்: காது நிமிர்ந்த நிலையில் 63. மூன்று முறை அளந்தேன். மூன்றாவது முறை டேப்பைக் கடித்தான், ஆகவே முதல் இரண்டின் சராசரி.

தச்சர் கீழவீதிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர். வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நின்னு திரும்பிப் படுக்கற மாதிரியா? நம்ம டவுன் பஸ்ல மனுசனுக்கே இந்த எடம் கெடையாது சார்."

"விதி அப்படி."

"காத்து ஓட்ட நாலு பக்கமும்? மூக்கு வெளிய வரக் கூடாது?"

"வரக் கூடாது."

"நாயி பயப்படாதா?"

"பயப்படும். பழக்கணும்."

"நாயிக்கு சரி. கூடப் போறவருக்கு?"

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ரசீது கேட்டேன்.

6.9.2009, ஞாயிறு

நாளை ரத்தம். ஆய்வகப் படிவத்தை மேலவீதி பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்தேன். இடது ஓரம் வெட்டுப்பட்டு, தலைப்புகளில் பாதி காணோம். மறுபடி எடுக்கப் போனால் கரண்ட் இல்லை. இருப்பதில் நிரப்பினேன்.

சிப் எண்: ஏழு முறை சரிபார்த்தேன். ஊசித் தேதி, மருந்தின் தொகுதி எண்: நான்கு முறை. பாலினம், வயது, நிறம்: செவலை என்று ஆங்கிலத்தில் எழுத முடியாது, 'ஃபான்' என்று போட்டேன், மனசு ஒப்பவில்லை.

'பெயர்' என்று இரண்டு கட்டம், ஒன்றின் கீழ் ஒன்று. அதில் மட்டும் சந்தேகமே வரவில்லை. மேலே S. APPU. கீழே K. SABAPATHI. ஒரே மூச்சில், பெரிய எழுத்தில், அழகாக.

7.9.2009, திங்கள்

லேசான தூறல், வண்டி நேரத்துக்கு வந்தது. முப்பது நாளுக்குக் குறையக் கூடாது என்பது விதி. இன்று முப்பத்தைந்தாவது நாள். ஓரத்தில் நிற்பது எனக்குப் பிடிக்காது.

முன்னங்காலில் முடி மழித்து ரத்தம். அப்பு என் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கம்பவுண்டர் அவனைப் பிடித்தார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், படிக்காமல்.

"ஒருமுறை பாருங்க டாக்டர்."

"ஒங்க கையெழுத்தப் பாத்தா செக் பண்ணவே தோணல சார்."

மகிழ்ச்சியாக இருந்தது. எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அடிக்கடி வருவதில்லை.

சீரம் பிரித்து ஐஸ் வைத்து கூரியரில் போய்விட்டது. இன்றிலிருந்து மூன்று மாதம்: டிசம்பர் 7. பயணம் 10ஆம் தேதிக்கு மாப்பிள்ளை டிக்கெட் போடுகிறார். எனக்குத் திரும்ப மார்ச்சில். அவனுக்குத் திரும்ப டிக்கெட் கிடையாது.

22.9.2009, செவ்வாய்

பெட்டி வந்து நான்கு நாள். கூடத்தில் இருக்கிறது. அப்பு அதைச் சுற்றிச் சுவரோரமாக நடக்கிறான். உள்ளே என் பழைய வேட்டி, பிஸ்கட், கருவாட்டுத் துண்டு வைத்துப் பார்த்தாயிற்று. கழுத்தை மட்டும் நீட்டிக் கருவாட்டை எடுத்துக்கொண்டு பின்வாங்குகிறான்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது. நானே தவழ்ந்து நுழைந்தேன், இடுப்பு வரை. இருட்டு, புது மர வாசனை, ஆணி முனை எதுவும் துருத்தவில்லை. நிம்மதி. அப்பு என் குதிகாலை நக்கினான். பால்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், உள்ள இன்னா தேடறீங்க?"

"பேனா விழுந்துடுச்சு."

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

9.10.2009, வெள்ளி

புழுக்கம். ஆய்வக அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. பிரவுசிங் சென்டரிலேயே நின்றுகொண்டு படித்தேன். எதிர்ப்புச் சக்தி போதுமான அளவுக்கு மேல். தேறிவிட்டான். பெருமூச்சு விட்டுவிட்டு அறிக்கையின் மேல்பகுதியைப் பார்த்தேன்.

உரிமையாளர்: S. APPU.
விலங்கு: K. SABAPATHI. நாய். ஆண். வயது 6. ஃபான்.

அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண் தண்ணீர் கொடுத்தாள்.

இப்போது கரண்ட் இருந்தது, படிவத்தை முழுதாகத் திரையில் திறந்து பார்த்தேன். வெட்டுப்பட்ட ஓரத்தில் இருந்த தலைப்புகள்: முதல் கட்டம் உரிமையாளர், இரண்டாவது கட்டம் விலங்கு. நான் எழுதியதோ முப்பத்துநான்கு வருடப் பழக்கம். மேலே மாணவர் பெயர், இன்ஷியலுடன். கீழே தகப்பனார் அல்லது காப்பாளர் பெயர். எந்தச் சான்றிதழும் அப்படித்தான். கை அதைச் செய்திருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆய்வகத்தை என்ன சொல்வது. எழுதியதை அப்படியே டைப் அடித்திருக்கிறார்கள்.

மறுபடி ரத்தம் எடுத்தால் மூன்று மாதம் இன்றிலிருந்து மறுபடி. டிசம்பர் போய்விடும், டிக்கெட் போய்விடும். இப்படியே கொண்டுபோனால் ஏழாம் பக்கம்.

10.10.2009, சனி

தூக்கம் சரியில்லை. தேன்மொழிக்குப் போனில் சொன்னேன். சிரிக்கிறாள் என்று சற்றுக் கழித்துத்தான் புரிந்தது.

"அப்பா, ஒங்களுக்கு வெறி பிடிக்காதுன்னு ஐரோப்பாவே எழுதிக் குடுத்துருக்கு."

"இது சிரிக்கிற விஷயமாம்மா?"

"சிப் நம்பர் சரியா இருக்காப்பா?"

"சரியா இருக்கு."

"அப்ப எழுதிக் கேளுங்க. மாத்தித் தருவாங்க. நீங்க எழுதுனா யாரும் தட்ட முடியாது."

பின்னாலிருந்து நிலா: "அப்பு ஃபெயிலாம்மா?"

"அப்பு பாஸு. தாத்தாதான் அரியர்."

மச்சான் மத்தியானம் வந்தார். அறிக்கையை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். அவருக்கு இதைவிட நல்ல தீபாவளி இருந்திருக்க முடியாது.

"மாமா, வயசு ஆறுன்னு போட்டுருக்கான். ஒங்க ரிட்டயர்மெண்டு இன்னும் அம்பது வருசம் கெடக்குது."

"போதும் மச்சான்."

"ஊசியும் போட்டாச்சு. இனிமே யார வேணாலும் கடிக்கலாம். பயந்துகினு இருக்க வேண்டாம்."

போகும்போது மட்டும் சிரிக்காமல் சொன்னார். "எழுதுங்க மாமா. ஒங்களால ஆவும்."

11.10.2009, ஞாயிறு

காலையிலிருந்து கடிதம். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம், முழுக்க மன்னிப்பு. கிழித்தேன். இரண்டாவதில் நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் தரத் தயார், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் இருவரின் கையொப்பம் தரத் தயார் என்று எழுதினேன். எழுதும்போதே தெரிந்தது, இவை நான் கேட்டவை. அவர்கள் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.

திட்டக்குடியிலிருந்து என் அலுவலகத்துக்கு ஒருவர் வருவார். இருபது வருடம் இருக்கும். தகப்பனார் பெயர் பெரியசாமி. தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றிதழில் B, எங்கள் பதிவேட்டில் P. வேலைக்குச் சேர நாள் குறித்திருந்தார்கள். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். முதல் முறை படிவம் சரியில்லை என்று அனுப்பினேன். இரண்டாம் முறை கையொப்பம் போதவில்லை. மூன்றாம் முறை தகப்பனாரையே கூட்டி வந்துவிட்டார். "இவர்தான் சார் பெரியசாமி. நேர்லயே கேட்டுக்குங்க." நான் பிரமாணப் பத்திரம் கேட்டேன். விதி அப்படித்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வேலை கிடைத்ததா தெரியாது. நான்காம் முறை வரவில்லை.

மூன்றாவது வரைவு, ஐந்து வரி: இரண்டு பெயர்களையும் கட்டம் மாற்றி எழுதிவிட்டேன். தவறு என்னுடையது. அப்பு நாய், நான் சபாபதி. சிப் எண்ணும் ஊசித் தேதியும் சரி, நகல் இணைத்துள்ளேன். திருத்தித் தர வேண்டுகிறேன்.

இதையே வைத்துக்கொண்டேன்.

12.10.2009, திங்கள்

காலை 10.20க்கு மின்னஞ்சல் போயிற்று. டாக்டர் அருள்மேரியும் தனியாக ஒரு கடிதம் அனுப்பினார்: "நான் படிக்காம கையெழுத்துப் போட்டதும் இருக்குல்ல சார்."

அனுப்பிய பிறகு பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாலையில் வரலாம்.

14.10.2009, புதன்

பதில் வந்தது. மொத்தம் நான்கு வாக்கியம். சிப் எண்தான் விலங்கை அடையாளம் காட்டுவது, அது பொருந்துகிறது. திருத்திய அறிக்கை இணைப்பில் உள்ளது, ரத்தம் எடுத்த தேதி மாறவில்லை. அசல் தபாலில் வரும். அப்புவுக்கு நல்ல பயணம்.

கையெழுத்திட்டவர் ஒரு பெண்மணி. எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள்.

நகல் மூன்று எடுத்தேன். தவறான அறிக்கையைக் கிழிக்கலாம் என்று நினைத்தேன். அதுவும் கோப்பில் இருக்கட்டும், பின்பக்கம்.

வீட்டுக்கு வந்து அப்புவை எஸ். அப்பு என்று அழைத்துப் பார்த்தேன். வாலாட்டினான். அப்பு என்றாலும் ஆட்டுகிறான்.

17.10.2009, சனி, தீபாவளி

மேகமூட்டம், மழை இல்லை, அதனால் வெடி ஜாஸ்தி. ஐந்து மணிக்கே அடுத்த தெருவில் சரம். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவன் ஓடி வந்தேன். அப்புவைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. கொல்லைக் கதவு சாத்தித்தான் இருந்தது. பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன்.

பெட்டிக்குள் இருந்தான். கடைசி மூலையில், என் வேட்டியைச் சுருட்டிக் கீழே போட்டுக்கொண்டு, நின்று திரும்பிப் படுத்து. அளவு சரி.

ஒரு மாதம் கருவாடு வைத்தும் நடக்காதது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எண்ணெய் சிமெண்டில் வழிந்தது. வெடி வெடிக்கும்போதெல்லாம் காற்று ஓட்டை வழியாக விரலை விட்டேன். மூக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். விதிப்படி மூக்கு வெளியே வரவில்லை.

மத்தியானச் சாப்பாடும் உள்ளேயே கேட்டான். மச்சான் அதிரசம் கொண்டு வந்தார். "வாடகைக்குக் குடி வந்துட்டானா?" என்றார்.

11.11.2009, புதன்

மழை, நான்காவது நாள். தெருவில் முழங்கால் தண்ணீர். அப்பு பெட்டிக்குள் தூங்குகிறான், கதவைச் சாத்தினாலும் எழுந்திருப்பதில்லை. இன்று இரண்டு மணி நேரம். சாதனை.

ஸிட்ஸ்: பத்துக்கு ஏழு. கொம்: பத்துக்குப் பத்து, ஆனால் கூப்பிடாவிட்டாலும் வருகிறான். நைன்: பூஜ்யம். வேண்டாம் என்பது தமிழிலும் அவனுக்குத் தெரியாது.

என் விசா வந்துவிட்டது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன். கம்பளிச் சட்டை வாங்க வேண்டும். இரவு ஒரு நிமிடம் அவன் இல்லாத மார்ச் மாதத்தை நினைத்துப் பார்த்தேன். காலையில் நடக்கப் போக வேண்டிய கட்டாயம் இருக்காது. அதற்கு மேல் நினைக்கவில்லை. வேலை பாக்கி இருக்கிறது.

8.12.2009, செவ்வாய்

நேற்றோடு மூன்று மாதம் முடிந்தது. இன்று கடலூர், அரசு கால்நடை மருத்துவமனை, கடைசிச் சான்றிதழ். விட்டு விட்டு மழை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடுகிறது. மச்சான் பாலத்தில் வண்டியை மெதுவாக்கி, "பாருடா அப்பு, அங்க போனா இந்தக் கலர்ல தண்ணி கெடைக்காது" என்றார்.

அரசு டாக்டர் நிதானமான மனிதர். டாக்டர் அருள்மேரி இரவல் தந்த கருவியால் சிப்பைப் படித்தார். பதினைந்து இலக்கத்தையும் நான் முணுமுணுத்தேன், பொருந்தியது. மேசையில் ஏற்றியதும் அப்பு நெளிந்தான். ஸிட்ஸ் என்றேன், சத்தமாகவே. உட்கார்ந்தான். டாக்டர், "இன்னா பாஷை சார் இது?" என்றார். "போற ஊர் பாஷை." "அட, நமக்கு முன்னாடியே கத்துகினானா."

பிறகு அலுவலக அறை. கம்ப்யூட்டர் முன்னால் ஓர் அம்மா. காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாய்க்கு இன்ஷியல் போட்டுருக்கு. தப்பா வந்துருக்கு போல சார். நான் எடுத்துட்டு அப்புன்னு மட்டும் போட்டுர்றேன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். விரல் விசையின் மேல் இருந்தது. கோப்பிலிருந்து அறிக்கையை எடுத்து மேசையில் வைக்கக் கை போனது, அடிக்கோடு போட்டுத்தான் வைத்திருந்தேன். அதற்குள் அடித்துவிடுவார்.

"வேண்டாம்மா. எடுக்காதீங்க."

நிமிர்ந்து பார்த்தார்.

"சிப், ஊசி, ரத்தம், எல்லாத்துலயும் எஸ். அப்புதான். இதுல மட்டும் மாறுனா அங்க எறங்குனதும் நிறுத்திடுவாங்க. இருக்கட்டும்."

"இருக்கட்டும் சார். எஸ்-னா இன்னா? மேல கேட்டா நாங்க சொல்லணும்ல."

"சபாபதி."

"அது யாரு?"

"நான்தான்."

என்னைப் பார்த்தார். மேசை ஓரமாக எட்டிக் கீழே அப்புவைப் பார்த்தார். அவன் இன்னும் உட்கார்ந்தேதான் இருந்தான், எழுந்திரு என்பதற்கு ஜெர்மன் நான் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. S. APPU என்று அடித்தார், என்னிடம் திரையைத் திருப்பிக் காட்டினார், அச்செடுத்தார். கையெழுத்து, முத்திரை. முத்திரை பெயரின் மேல் விழவில்லை, அதையும் பார்த்துத்தான் வாங்கினேன்.

வாசலில் மச்சான். "ஒங்க கொரலு வெளிய வரைக்கும் கேட்டுச்சு மாமா."

"அவ்வளவு சத்தமாவா பேசினேன்?"

"சத்தம்லாம் இல்ல. கேட்டுச்சு."

திரும்பும் வழியில் பெரியசாமி ஞாபகம். தோளில் வெள்ளைத் துண்டு இருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

10.12.2009, வியாழன்

மழை விட்டு வெளுத்திருக்கிறது. காலை ஆறு. மத்தியானம் சென்னையில் கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் ஒரு முத்திரை பாக்கி, பிறகு விமான நிலையம். மச்சான் ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னார். எட்டே காலுக்கு எதிர்பார்க்கிறேன்.

கேஸ் மூடியாயிற்று. தண்ணீர்த் தொட்டிக் குழாய் மூடியாயிற்று. பால்காரரிடம் மார்ச் வரை வேண்டாம் என்றேன். "பேனா எடுத்து வச்சீங்களா சார்?" என்றார்.

அப்பு காலையில் பாதிச் சாப்பாடு, விதிப்படி. நடந்துவிட்டு வந்தோம். தெருமுனைக் கம்பத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றான். அவசரப்படுத்தவில்லை.

பெட்டி மேல் கறுப்பு பெயிண்டில் எழுதியது காய்ந்துவிட்டது. உயிருள்ள விலங்கு. அம்புக்குறி, மேல் நோக்கி. அதன் கீழே பெயர், என் கையெழுத்தில், எழுத்து ஒவ்வொன்றும் ஒரே உயரம்.

பயம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. எண்ணிவிட்டால் அடங்கும்.

பெட்டி 1.
கோப்பு 1, நகல் 3.
என் பை 1.
வேட்டி (பழையது, பெட்டிக்குள்) 1.
கம்பளிச் சட்டை 2.
கருவாடு, நிலாவுக்குத் தெரியாமல், சிறு பொட்டலம் 1.
சபாபதி 2.

ஹாரன் கேட்கிறது. ஏழுதான் ஆகிறது.